நான்கு செங்கல்லுக்கு நடுவில்

நான்கு செங்கற்கள். ஒன்றும் முழுசில்லை, எல்லாம் பாதியும் முக்காலுமாக உடைந்தவை. தோல் ஷாப்பின் பின்சுவருக்கும் புங்கமரத்துக்கும் இடையே, ஒரு முறத்தைக் கவிழ்க்கிற அளவுக்கு இடம் விட்டு, மூலைக்கு ஒன்றாக அவை கிடக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. காய்ந்த புங்க இலை கிடக்கும். ஓரம் நறுக்கி எறிந்த தோல் துண்டுகள் பழுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு, அந்த இலைகளோடு இலையாகக் கிடக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் பாத்ரூம் போகிற வழியில் அதைப் பார்த்துவிட்டு, இன்னா இது, யாரையாவது புதைத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நாங்கள் சிரிப்போம். வாட்ச்மேன் மட்டும் சிரிக்க மாட்டார். "புதைக்கலம்மா, அது உசுரோடதான் கீது. உனுக்குத்தான் தெரியல" என்பார். கேட்டவள் மறுநாளிலிருந்து சுற்றுவழியாகப் போவாள்.

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடம். பச்சைத் தோலாக உள்ளே வந்து, ஊறி, கழுவி, சாயமேறி, ஷூ கம்பெனிக்குப் போகத் தயாராகிற கடைசிப் பகுதியில் எனக்கு வேலை. அளவு மெஷின் என்னுடையது. தோலை விரித்து உருளைக்குள் கொடுத்தால் அதன் பரப்பு எண்ணாக விளக்கில் எரியும். அதைத் தோலின் பின்பக்கம் முத்திரை குத்துவேன். அந்த மெஷினுக்கு வருவதற்கு முன் ஒவ்வொரு தோலும், தரம் பிரிக்கிற செலக்டர் பாயின் மேஜையைத் தாண்டி வர வேண்டும். என்னைவிட இளையவர்தான். என்னை அக்கா என்பார், நான் பாய் என்பேன். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலடியில் அவர் மேஜை. வடக்கு வெளிச்சம் மட்டும்தான் உள்ளதை உள்ளபடி காட்டும், மற்ற திசை வெளிச்சமெல்லாம் தோலுக்குப் பவுடர் பூசிவிடும் என்று சொல்வார். தோலை மேஜைமேல் வீசினால் அது விழுந்து அடங்குவதற்குள் நீலச் சாக்பீஸால் அதன் தரத்தை எழுதி நகர்த்தியிருப்பார்.

அந்த மேஜைப் பக்கம் நிற்பதே ஒரு பொழுதுபோக்கு. ஒரு தோலைத் தூக்கி, இது முள்வேலியில் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் நின்ற ஆடு என்பார். இன்னொன்றைப் பார்த்து, இதுக்கு அம்மை வந்து ஆறியிருக்கு, ஆனால் நல்லா தின்னு கொழுத்த ஆடு, யாரோ செல்லமா வளர்த்திருக்காங்க என்பார். மற்றொன்றைத் தடவிவிட்டு, இதை மேய்ச்சவன் குச்சியால பேசியிருக்கான் என்று முகத்தைச் சுளிப்பார். நாங்கள் கூர்ந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினால், ஆமாம், மயிரிழை போல ஒரு கோடு. எங்களுக்கு அவர் காட்டிய பிறகுதான் எதுவும் தெரியும். இந்தப் பழக்கம்தான் பிற்பாடு எங்களை எல்லாம் ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு கோடையில் பின்சுவர்ப் பக்கம் போன பாய் நின்ற இடத்திலேயே நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டி எங்களைத் தடுத்தார். பக்கிக்குருவி உட்கார்ந்திருக்கிறது என்றார். எங்கே, எங்கே என்று ஆளாளுக்குக் கழுத்தை நீட்டினோம். அதோ, அந்தச் சுருண்ட துண்டுக்கு இடப்பக்கம், அந்த மூணு இலைக்குக் கீழே, என்னைத்தான் பார்க்குது என்கிறார். எங்களுக்கு இலை தெரிந்தது, துண்டு தெரிந்தது, குருவி தெரியவில்லை. சாயச் செக்‌ஷன் மேஸ்திரி, "பாய்க்கு வெயில் மண்டைக்கு ஏறிப்போச்சு, ஒரு மோர் வாங்கியாங்கப்பா" என்று கிண்டல் செய்தார். பாய் ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தூக்கிப் போட்டார். தரையிலிருந்து ஒரு கைப்பிடி தரை கிளம்பியது. சத்தமே இல்லை. இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்க, சுவரோரமாகத் தாழப் பறந்து, கொஞ்சம் தள்ளி இறங்கியது. இறங்கியதும் மறுபடி காணோம். இறங்கிய இடத்தை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மேஸ்திரி மோர் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

குப்பை வண்டிக்காரன் அதன்மேல் கழிவைக் கொட்டிவிடக் கூடாது என்று அன்றைக்கே செங்கல்லைத் தேடிப் பொறுக்கி வைத்தவர் அவர்தான். அந்தக் குருவி கூடு கட்டாது, வெறுந்தரையில்தான் முட்டையிடும், பகலெல்லாம் கண்ணைக் கோடு போல இடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், மிதிக்கிற மாதிரி கால் வந்தால்தான் எழும்பும் என்று அவர் சொல்லித்தான் கேட்டோம். பொழுது சாயும்போது எங்கிருந்தோ அது குரல் கொடுக்கும். சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டு விழுந்து, சக், சக், சக் என்று குதித்து, குதி குறுகிக் குறுகி ஒரு உறுமலாக அடங்குமே, அந்தச் சத்தம். ஷாப்பு வாசலில் விளக்கு போட்டதும் அதைச் சுற்றுகிற பூச்சிகளுக்காக ஒரு நிழல் குறுக்கே போய்ப் போய் வரும். அப்போது வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். அந்தக் குரல் கேட்கிற பக்கம் ஒரு வீட்டில் விளக்கு அணையும் என்று அவர் ஊரில் பேச்சாம். பாய் அதைக் கேட்டு, விளக்கை அணைக்கிறது கரண்டு ஆபீஸ்காரன் வேலைங்க, குருவி மேல ஏன் பழி போடுறீங்க என்பார்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் பாய் கை கழுவிக்கொண்டு பின்சுவருக்குப் போவார். திரும்பி வந்து, இருக்கு, இன்னைக்கு மரத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கு என்பார். அல்லது, கொட்டாவி விட்டுச்சு, வாய் எம்மாம் பெருசு தெரியுமா என்பார். நாங்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்போம். யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை. போனாலும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. சாக்பீஸில் அவர் எழுதியதை எப்படித் திருப்பிக் கேட்காமல் முத்திரை குத்தினேனோ, அப்படித்தான் இதுவும்.

அடுத்த கோடை தொடங்கும்போது என் மெஷினுக்கு வந்த ஒரு தோலில் கழுத்தோரம் ஒரு கீறல் பார்த்தேன். நான் பார்க்கிற கீறல் என்றால் எவ்வளவு பெரியது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் முதல் தரம் என்று நீலத்தில் எழுதியிருந்தது. ஏதோ அவசரம் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று. ஷூ கம்பெனியிலிருந்து ஒரு கட்டுத் தோல் திரும்பி வந்தபோது, அவர் ஜன்னல் கண்ணாடி அழுக்காகிவிட்டது என்றார். ஆள் வைத்துத் துடைத்தார்கள். அப்புறம் மேகமாக இருக்கிறது என்றார். அந்த வாரமெல்லாம் வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை.

ஒருமுறை கவனிக்க ஆரம்பித்துவிட்டால் எதுவும் தப்பாது. தோல் விழுந்து அடங்கிய பிறகும் சாக்பீஸ் இறங்கவில்லை. கண்ணால் பார்த்த இடத்தைக் கட்டைவிரலால் தேட ஆரம்பித்திருந்தார். தலையை நேராக வைக்காமல், பறவை பார்க்கிற மாதிரி ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆற்காட்டிலிருந்து யாராவது மக்கன் பேடா வாங்கி வந்தால், டாக்டருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சொல்லி இரண்டையும் அவரே சாப்பிடுவார். அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் என் கவலை தோலைப் பற்றியது அல்ல. அவருக்கு ஒரே மகள். இரண்டாங்கிளாஸ். பள்ளிக்கூட ஆட்டோ அவளை ஷாப்பு வாசலில் இறக்கிவிட்டுப் போகும். வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பாள். வேலை முடிந்ததும் பாய் மொபெட்டை எடுப்பார். அவள் முன்னால் ஏறி, இரண்டு கையாலும் கண்ணாடித் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குப் போக ஹைவேயைக் குறுக்கே கடக்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. பாய் போகவில்லை. மொபெட்டை உறுமவிட்டபடி நின்றார். பக்கத்தில் ஒரு பால்காரர் வண்டி வந்து நின்றது. அது கிளம்பியது, இவரும் அதை ஒட்டிக்கொண்டே கிளம்பினார். மறுநாளும் பார்த்தேன். பக்கத்தில் யாராவது வந்து கடந்தால்தான் கடந்தார். ரோட்டை அவர் பார்க்கவில்லை. பக்கத்து வண்டியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனார். முன்னால் அந்தக் குழந்தை ரிப்பன் பறக்க நின்றுகொண்டிருந்தது.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது மேஜைக்குப் போனேன். சுற்றி வளைக்காமல், கண்ணை ஒருமுறை காட்டுங்கள் பாய், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். பாப்பாவை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"இன்னாக்கா, என் கண்ணு மேலயே டவுட்டா? வாங்க."

பின்சுவருக்குக் கூட்டிப்போனார். செங்கல்லுக்கு அந்தண்டை நின்றுகொண்டு, நடுவில் கை நீட்டினார். அதோ உட்கார்ந்திருக்கு, அந்தச் சிவந்த துண்டுக்குப் பின்னால, வால் இந்தப் பக்கம், இப்பதான் இடது கண்ணைக் கொஞ்சம் திறந்து மூடுச்சு. ஒவ்வொன்றாகச் சொன்னார். "இத்த பாக்குற கண்ணுக்கு லாரி தெரியாதா? சொல்லுங்கக்கா."

 எனக்கு இலையும் துண்டும்தான் தெரிந்தன. தெரியாதது அங்கே இருக்கிறது என்று அவர் சொல்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு எந்தக் கண்ணும் இல்லை. மெஷினுக்குத் திரும்பினேன். 

அந்தக் குருவியை நானாகப் பார்த்தே தீர வேண்டும் என்று அப்போதுதான் வீம்பு வந்தது. சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, பாய் வந்து போன பிறகு அங்கே போய் உட்காருவேன். செங்கல்லுக்கு நடுவே ஒவ்வொரு துண்டாக, ஒவ்வொரு இலையாகப் பார்வையை வைத்து எடுப்பேன். ஒன்றும் அகப்படாது. கண் வலிக்கும். பிறகு எல்லாமே குருவியாகத் தெரிய ஆரம்பிக்கும்; அதுவும் பயமாக இருக்கும். வாட்ச்மேன் தூரத்திலிருந்தே, அத்த ரொம்ப நேரம் பாக்காதீங்கம்மா, அதுவும் உங்களைப் பாக்கும் என்று குரல் கொடுப்பார்.

ஒருநாள் அனல் காற்று. நான் செங்கல்லைப் பார்க்கக்கூட இல்லை. சோர்ந்துபோய்ச் சுவரடியில், மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குகிற மூலையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கிடந்த ஒரு தோல் துண்டு துடித்தது. காற்றில் ஆடியதல்ல, ஒரே இடத்தில், படபடவென்று, குழந்தையின் உச்சந்தலை துடிக்குமே, அப்படி. சூட்டுக்கு அது தொண்டையை விசிறிக்கொண்டிருந்தது. தொண்டை தெரிந்ததும் அலகு தெரிந்தது, அலகு தெரிந்ததும் கோடு போட்ட கண் தெரிந்தது, பிறகு முழுக் குருவியும் சட்டென்று தரையிலிருந்து பிரிந்து நின்றது. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் வெளுத்த ரோஸில் முட்டையின் விளிம்பு.

முதலில் சந்தோஷம்தான். அடுத்த மூச்சில் புரிந்தது. சற்று முன்தான் பாய் வந்து, செங்கல்லுக்கு நடுவே பார்த்துவிட்டு, இருக்கு, தூங்குது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குருவி அங்கிருந்து எப்போது இடம் மாறியது? போன வாரமா, போன மாதமா? இந்தக் கோடையில் அது அந்தச் செங்கல்லுக்குள் ஒருநாளாவது உட்கார்ந்ததா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

வேலை முடியும்வரை காத்திருந்தேன். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. மகள் வாசலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாய் மொபெட் சாவியை விரலில் சுழற்றியபடி வந்தார். பாய், குருவி செங்கல்லுக்குள்ளே இல்லை, குழாயடியில் முட்டையோடு உட்கார்ந்திருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. நீங்க இன்னைக்குத்தான் பாக்கக் கத்துக்கிட்டீங்க, அதுக்குள்ள எனக்கே காட்டுறீங்களா என்று சிரித்துக்கொண்டே பின்பக்கம் நடந்தார். குழாயடியில் ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டுவதற்காக நேராக அந்த மூலைக்கே போனார். நில்லுங்கள் பாய் என்றேன். நின்றிருக்கலாம். "எங்கக்கா, இங்கியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு அடி வைத்தார்.

குருவி அவர் செருப்புக்கடியிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அவருக்கு முன்னால் விழுந்து, ஒடிந்தது போல ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு மண்ணில் புரண்டது. அந்த அசைவை அவர் பார்த்தார். அது போகிற பக்கமெல்லாம் தலை திரும்பியது. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். குனிந்த தலை நிமிரவில்லை. காலை எடுக்கவும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அக்கா, நான் இன்னாத்த மிதிச்சேன்?"

தோலின் முதுகைப் பார்த்து ஆட்டின் கதையைச் சொன்ன மனிதர். அவர் காலுக்குப் பக்கத்தில் மஞ்சள் கரு வழிந்து, தோல் துண்டுகளுக்கு நடுவே பளிச்சென்று கிடந்தது. சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு சுழற்றிக்கொண்டிருந்த சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார். அன்றைக்கு ஆட்டோ பிடித்து மூவருமாகப் போனோம். மகள் நடுவில் உட்கார்ந்து, வண்டிக்கு இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.  இறங்கும்போது பாய், "நான் பொய் சொல்லலக்கா. நெஜமாவே எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

அது உண்மைதான் என்று பிறகு ஆஸ்பத்திரியில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. சர்க்கரை கண்ணுக்குள் ரத்தம் கசியவிட்டு, பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டை இருப்பதே ஆளுக்குத் தெரியாதாம். சுற்றியிருப்பதை வைத்தும், ஏற்கெனவே பழகியதை வைத்தும் மனசே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளுமாம். டாக்டர் அதை ஏதோ நல்ல செய்தி மாதிரி விளக்கினார். எனக்குக் காலி ரோடு ஞாபகம் வந்தது. லாரி வருகிற ரோட்டையும் அவர் மனசு காலியாக நிரப்பியிருக்கும்.

மிச்சப் பார்வையைக் காப்பாற்றினார்கள். செலக்‌ஷன் மேஜைக்கு அவர் திரும்பவில்லை. அந்த மொபெட்டையும் தொடவில்லை. மகளின் கையைப் பிடித்து நடக்கிற அளவுக்குக் கண் இருந்தது, அது போதும் என்பார். கையைப் பிடித்து நடத்தியது அவள்தான் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் குருவி மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். வந்ததா வரவில்லையா என்று சொல்லக்கூடியவர் அங்கே இல்லை என்பதுதான் சரி.

இப்போது நான் வேலூர் சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. சர்வீஸ் ரோட்டைத் தாண்டினால் இன்னும் வீடு எழும்பாத மனைகள். மனைக்கு நான்கு மூலையிலும் கல் நட்டு, நடுவே காய்ந்த புல்லும் சருகும். பேரனைக் காலையில் அந்த ரோட்டைக் கடந்து பள்ளிக்கூடத்தில் விடுவதும், மாலையில் கூட்டி வருவதும் என் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நேற்று மாலை மருமகளும் கூட வந்தாள். மனையோரம் வரும்போது அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்டில் கோலிக்குண்டு குதித்து அடங்குகிற சத்தம். நின்றேன். நான்கு கல்லுக்கு நடுவே, ஒரு சருகுக்குப் பக்கத்தில், பக்கிக்குருவி உட்கார்ந்திருந்தது. வால் என் பக்கம். இடது கண் கோடாக. தொண்டை துடிப்பது கூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அன்றைக்குக் குழாயடியில்கூட நான் பார்க்கவில்லை. மருமகளிடம் காட்டினேன். அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நான் கை காட்டிய இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒன்னுமில்லியே அத்தை. சருகுதான் கீது."

அவளுக்குத் தெரியாதது நியாயம்தான். அந்தக் குருவி யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிவதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய் ஒரு அடி எடுத்து வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கால் எழவில்லை. பேரன் என் கையை இழுத்துக்கொண்டிருந்தான். ரோட்டில் வண்டிச் சத்தம் ஒன்றுமில்லை, காலியாகத்தான் தெரிந்தது. அவன் கையை எடுத்து மருமகள் கையில் வைத்து, அவள் விரல்களை நானே மூடினேன். நாளையிலிருந்து நீயே கூட்டிட்டுப் போம்மா என்றேன். ஏன் அத்தை என்றாள். அவர்கள் கடந்து முடிக்கும்வரை இந்தப் பக்கமே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது நான்கு கல்லுக்கு நடுவே அந்தத் தொண்டை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.